ஐந்து வயது டேப்... மாற்றலாமா, வைத்திருக்கலாமா?

பெங்களூர் காக்ஸ் டவுன் வீடுகளில் இருக்கும் டேப்லெட்களில் பெரும்பாலானவை ஒரே வயதுடையவை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு நடத்தக் கூடாது என்று கர்நாடக அரசு அந்த ஜூன் மாதம் ஒரு தடை போட்டது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பிறகென்ன, ஃபோனின் சின்னத் திரையில் பிள்ளையின் கண் கெட்டுவிடும் என்ற பயத்தில் வீலர் ரோட்டிலும் அசாயி ரோட்டிலும் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளிலும் வீட்டுக்கு ஒரு டேப் வந்து சேர்ந்தது. சிலர் சேமிப்பை உடைத்தார்கள், சிலர் தவணையில் எடுத்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். டேப் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. பாட்டியின் சீரியலுக்கும், தாத்தாவின் யூடியூப் உபன்யாசத்துக்கும், வெளிநாட்டில் இருக்கும் பெண்ணோடு ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கும் அதுதான் திரை. ஒரே சமயத்தில் வாங்கியவை ஒரே சமயத்தில் முதுமையடைகின்றன. ஆப் திறக்க நேரம் பிடிக்கிறது, சார்ஜ் நிற்பதில்லை, 'இடம் போதவில்லை' என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. அப்புறம் அந்தக் கேள்வி: புதுசு வாங்கிவிடலாமா?

என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஷோரூமுக்குப் போகக் கூடாது. பதில் கையில் இருக்கும் பழைய டேப்பிலேயே இருக்கிறது. அதற்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரியாமல் புதிது வாங்குவது, தலைவலி என்று வந்தவரைப் பரிசோதிக்காமலே ஆபரேஷனுக்கு அனுப்புகிற மாதிரி.

கெடுவது எது?

எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இருக்கிறார். தெருவுக்கே அவர் டீச்சரம்மாதான். அவரிடம் இருப்பது 2020-ல் பேரனுக்காக வாங்கிய பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப். மூன்று ஜி.பி. ரேம், 32 ஜி.பி. சேமிப்பிடம். அமெரிக்காவில் இருக்கும் மகன் புதிதாக ஒன்று அனுப்புவதாகச் சொல்லியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஓடுற வண்டியை எதுக்குத் தம்பி ஓரங்கட்டணும்? என்னன்னு ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லலாமே" என்றார். ஆட்டோவில் அல்சூர் போய் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தோம்.

எலக்ட்ரானிக்ஸ் பொருள்களுக்குச் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ, பெங்களூரில் எஸ்.பி. ரோடு அப்படி. சாதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப் பெயர். டவுன் ஹாலுக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் பக்கத்தில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய அளவுக்கு நெருக்கமான கடைகள். நாங்கள் போன கடையில் இருந்த இளைஞர் டேப்பை வாங்கியதும் ஆன் செய்து பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

"பேட்டரி உப்பியிருக்கு மா. ராத்திரி பூரா சார்ஜ்லயே போட்டு வைப்பீங்களா?"

"ராத்திரி மட்டும் இல்லப்பா, பகல்லயும் அதுலதான் இருக்கும். டிவி மாதிரி வச்சுக்கிட்டுப் பாக்குறேன்."

"அதான் மா. சூடு, அப்புறம் எப்பவும் ஃபுல் சார்ஜ். ரெண்டும் சேந்தா பேட்டரிக்கு ஆகாது."

அவர் சொன்னது வேதியியல் படியும் சரிதான். லித்தியம் அயன் பேட்டரி இரண்டு வகையில் தேய்கிறது. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்வது ஒன்று, பயன்படுத்தாவிட்டாலும் காலத்தால் தேய்வது இன்னொன்று. ஐபேட் பேட்டரி ஆயிரம் முழுச் சுற்று சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்கிறது. தினமும் பாதி சார்ஜ் செலவழிக்கும் வீட்டில் ஆயிரம் சுற்று முடிய ஐந்தரை ஆண்டு ஆகும். ஆனால் நூறு சதவீதத்திலேயே, அதுவும் சூட்டில், நாள் முழுக்க வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சிதைந்து வாயுவாகி பேட்டரியின் உறையைப் புடைக்கவைக்கிறது. அது திரையைத் தூக்குகிறது. இந்த நிலைக்கு வந்த டேப்பை ஒரு நாள்கூட சார்ஜில் போடக் கூடாது. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

அந்தத் தம்பி டேப்பைச் சூடான தட்டில் சில நிமிடம் வைத்தார். பசை இளகியதும் கிடார் வாசிக்கும் பிளாஸ்டிக் சில்லு போன்ற ஒன்றை விளிம்பில் நுழைத்து, செவ்வகத்தின் நான்கு பக்கமும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். எந்த இடத்தில் கேபிள் இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே வந்ததும் சில்லின் ஆழத்தைப் பாதியாகக் குறைத்தார். திறந்ததும் உள்ளே பார்த்த டீச்சரம்மாவுக்கு ஆச்சரியம். முக்கால் இடமும் பேட்டரிதான். மூளை என்று சொல்லும் சர்க்யூட் பலகை ஓரமாக ஒரு பட்டையில் அடங்கிவிட்டது. புதிய பேட்டரியும் கூலியும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

அத்தோடு ஒரு நோய் தீர்ந்தது. வேகக் குறைவு வேறு நோய். வயதாகிவிட்டதால் பிராசஸர் மெதுவாகிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சிலிக்கான் சில்லு ஐந்து வருடத்தில் அப்படிக் களைப்பதில்லை. வேகம் குறைய உண்மையான காரணம் பெரும்பாலும் சேமிப்பிடம். குறைந்த விலை டேப்களில் இஎம்எம்சி என்ற வகை சேமிப்புச் சில்லு இருக்கும். அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகுதான் அங்கே எழுதலாம். காலி இடம் நிறைய இருக்கும்வரை இந்த வேலை நமக்குத் தெரியாமல் நடக்கும். நிரம்பிவிட்டால், ஒரு சின்ன ஃபைலைச் சேமிக்கக்கூடப் பழையதை இடம் மாற்றி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். விரலை வைத்தால் ஆப் திறக்காமல் திரை உறைந்து நிற்கிறதே, அந்த நேரத்தில் உள்ளே நடப்பது இதுதான்.

டீச்சரம்மாவின் 32 ஜி.பி.யில் ஏறக்குறைய பாதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொண்டிருந்தது. மீதியில் வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களும், உறவினர் வீட்டுக் கல்யாண வீடியோக்களும், பேரனின் பழைய வகுப்புப் பாடங்களும். தேவையானதை மெமரி கார்டுக்கு மாற்றி, மற்றதை நீக்கி, ஒருமுறை ஃபேக்டரி ரீசெட் செய்து திரும்பக் கணக்கைப் போட்டதும் பழைய வேகம் பெருமளவு வந்துவிட்டது. கால்வாசி இடத்தை எப்போதும் காலியாக விட்டுவைத்தால் போதும்.

மூன்றாவது நோய்

ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு எஸ்.பி. ரோட்டில் மருந்து கிடையாது. செட்டிங்ஸில் அந்த டேப்பின் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்த்தேன்: 12. ஆண்ட்ராய்டு 12-க்குக் கூகுள் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது 2025 மார்ச்சோடு நின்றுவிட்டது. டேப்புக்கு ஒரு குறையும் இல்லை, திரை பளிச்சென்றே இருக்கிறது. ஆனால் இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வர மாட்டார்கள்.

இதுவே இன்று டேப்பின் ஆயுளை முடிவு செய்கிறது. கண்ணாடியும் உலோகமும் பத்து ஆண்டு உழைக்கும். தயாரித்தவரின் கவனிப்பு எத்தனை ஆண்டு என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு நாம் வாங்கிய தேதியிலிருந்து தொடங்குவதில்லை, மாடல் வெளியான தேதியிலிருந்து தொடங்குகிறது. இதை வாங்குபவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

ஐபேடையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புக்காக அடிப்படை ஐபேட் வாங்கியவருக்குக் கிடைத்தது 2019-ல் வந்த ஏழாம் தலைமுறை மாடல். செப்டம்பரில் எட்டாம் தலைமுறை அறிமுகமானது. அதனால் அதே ஆண்டு தீபாவளிக்கு வாங்கியவர் கைக்குப் புதியது வந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்று: அதே 10.2 அங்குலத் திரை, அதே ஹோம் பட்டன். 2025-ல் ஐபேட்ஓஎஸ் 26 வந்தபோது ஏழாம் தலைமுறை பட்டியலிலிருந்து விழுந்தது, எட்டாவது நீடித்தது. நான்கு மாத இடைவெளியில் வாங்கிய இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது. பெரிய பதிப்பு நின்ற பிறகும் முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை ஆப்பிள் சில காலம் தருவது வழக்கம் என்பதால் உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. இருந்தாலும் மணி அடித்துவிட்டது.

ஆப்களும் தங்கள் பங்குக்குக் கதவைச் சாத்துகின்றன. ஆண்ட்ராய்டு 4.4-ஐ வாட்ஸ்அப் 2025 ஜனவரியில் கைவிட்டது. வங்கி ஆப்கள் இதைவிடக் கறாரானவை, அப்படி இருப்பதுதான் நமக்கும் நல்லது.

டீச்சரம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். வங்கி ஆப், பென்ஷன் கணக்கோடு இணைந்த இமெயில், பணம் அனுப்பும் ஆப் எல்லாவற்றையும் டேப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை புதிய ஃபோனில் இருக்கட்டும். டேப் படிக்க, பார்க்க, பேச மட்டும். புதிதாக எந்த ஆப்பும் போட வேண்டாம், யாராவது லிங்க் அனுப்பினால் தொட வேண்டாம். இந்தக் கட்டுப்பாட்டோடு இன்னும் இரண்டு ஆண்டு தாராளமாக ஓட்டலாம். டேப் ஒன்றுதான் வீட்டில் இருக்கும் ஒரே திரை, வங்கி வேலையும் அதில்தான் என்றால் என் பதில் மாறும்: பேட்டரிக்குச் செலவழிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அவருடைய முக்கியமான உபயோகம் வாசிப்பு. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏற்றியிருக்கும் பழைய நூல்களின் ஸ்கேன் பிரதிகளும் அந்த மெமரி கார்டில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். பக்கத்தை ஃபோனில் படிப்பது தண்டனை. இப்படியும் அப்படியும் நகர்த்தி, பெரிதாக்கி, வரியைத் தொலைத்துவிட்டுத் தேட வேண்டும். பத்து அங்குலத் திரையில் முழுப் பக்கமும் கண்ணுக்குள் வரும். இதற்கு வேண்டியது திரையின் அளவும் கூர்மையும்தான். புதிய பிராசஸர் வந்து எழுத்தைத் தெளிவாக்கப் போவதில்லை.

புதியது என்றால் எல்லாவற்றிலும் மேல் என்பதும் இல்லை. சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஏ7, 2020-ல் வந்தது. அதன் 10.4 அங்குலத் திரையில் 2000-க்கு 1200 புள்ளிகள். மூன்று ஆண்டு கழித்து வந்த ஏ9 பிளஸ்ஸில் திரை 11 அங்குலமாக வளர்ந்தது, ஆனால் புள்ளிகள் 1920-க்கு 1200. பரப்பு கூடியது, புள்ளி குறைந்தது. பேட்டரி இரண்டிலும் 7,040 எம்ஏஎச். புதியதில் பிராசஸர் வேகம், ரேம் அதிகம், திரை வினாடிக்கு 90 முறை புதுப்பிக்கும் என்பதால் உருட்டும்போது வழவழவென்று இருக்கும். விளையாடும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். பழைய நூல் படிப்பவருக்கு ஒன்றுமில்லை.

இந்த ஊருக்குத் தெரிந்த கதை

தயாரித்தவரின் கவனிப்பு போனால் கருவி செத்துப்போகும் என்பதைப் பெங்களூர் இருபது வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறது. காக்ஸ் டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோர், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயோடு சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். 2001 ஏப்ரலில் அதைக் காட்டினார்கள். ஐபேட் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு! தொடுதிரை, லினக்ஸ், இந்திய மொழியில் வாசித்துக் காட்டும் வசதி. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த ஸ்மார்ட் கார்டு யோசனை. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி இருந்தால் போதும், ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையைச் செருகினால் அது உங்கள் கணினி, எடுத்துவிட்டால் அடுத்தவருடையது. குடும்பத்துக்கே ஒரு டேப் வைத்திருக்கும் நம் வீடுகளுக்கு இது இன்றும் தேவைப்படும் ஏற்பாடு.

2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதை 'அமிடா' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப விலை பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. சாய்த்தால் திரையில் இருப்பதும் நகரும் வசதி அதிலேயே இருந்தது. ஆனாலும் சில ஆயிரங்களுக்கு மேல் விற்கவில்லை. அதற்குள் மொபைல் ஃபோன் மலிவாகி ஊரெங்கும் பரவிவிட்டது. அந்தச் சாதனத்துக்காக மென்பொருள் எழுதுவோர் குறைந்தார்கள், பிறகு இல்லாமலே போனார்கள். திறமைக் குறைவால் அது தோற்றது என்று நான் நினைக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு உலகம் உருவாகவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நோஷன் இங்க் என்ற பெங்களூர் நிறுவனம். ரோஹன் ஷ்ரவண் என்ற இளைஞர் தலைமையில் 'ஆடம்' என்ற டேப்லெட்டை உருவாக்கி, 2011 தொடக்கத்தில் வாங்கியவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். வெயிலில் பின்னொளியை அணைத்துவிட்டுக் காகிதம் போலப் படிக்கக்கூடிய பிக்ஸல் சி திரையும், சுழலும் கேமராவும் அதில் இருந்தன. வெயிலில் படிக்கும் அந்த வசதி இன்றைய பல விலை உயர்ந்த டேப்களிலும் கிடையாது. வாங்கியவர்களில் சில ஆர்வலர்கள் தாங்களே ஆண்ட்ராய்டைத் திருத்தி அதில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அந்த உழைப்பு மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட 'ஆகாஷ்' நாடெங்கும் பேசப்பட்டது. மாணவர்களுக்குச் சலுகை விலையில் டேப் என்ற நோக்கம் உயர்ந்தது. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 256 எம்.பி. ரேமும் அழுத்தினால்தான் உணரும் திரையும் அந்த நோக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மலிவான டேப் வாங்க நினைக்கும் யாரும் நினைவில் வைக்க வேண்டிய உதாரணம் இது. வாங்கும் அன்றே திணறும் கருவி, மூன்றாவது வருடத்தில் நிச்சயம் படுத்துவிடும்.

யாருக்கு மாற்றியே ஆக வேண்டும்?

பேனாவால் எழுத வேண்டியவர்களுக்கு. இன்ஜினீயரிங், சி.ஏ., மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நோட்டுக்குப் பதில் டேப்பில் எழுதுகிறார்கள். பழைய பட்ஜெட் டேப்பில் நூறு ரூபாய் ஸ்டைலஸை வைத்துத் தேய்த்தால் விரலால் எழுதிய மாதிரிதான் வரும். அழுத்தத்தை உணர்வதும், உள்ளங்கை பட்டால் கோடு விழாமல் இருப்பதும் திரைக்கு அடியில் இருக்கும் தனி உணர்வியால் வருவது. எந்த ஆப்பும் அதை உண்டாக்கித் தராது. பிள்ளை தினமும் எழுதப் போகிறது என்றால், பேனாவை ஏற்கும் டேப்புக்கு மாறுவது நியாயமான செலவு. சாம்சங்கின் எஸ் வரிசையில் பேனா பெட்டியிலேயே வரும். ஐபேடுக்குத் தனியாக வாங்க வேண்டும், அதையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் படம் மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு வேண்டாம். முதலில் ஒரு மாதம் நண்பரின் டேப்பில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் பில் போட டேப் வைத்திருப்பவர்களுக்கும் தயக்கம் கூடாது. வாடிக்கையாளரின் பணமும் விவரமும் புழங்கும் கருவியில் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோயிருந்தால் அதை வைத்திருப்பது ஆபத்து.

ஏ.ஐ. வசதிக்காக மாற்ற நினைப்பவர்கள் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். ஆப்பிளின் ஏ.ஐ. வசதிகளுக்கு எம்1 அல்லது ஏ17 புரோ சில்லாவது வேண்டும். 2025 மார்ச்சில் 34,900 ரூபாய்க்கு வந்த அடிப்படை ஐபேடில் இருப்பது ஏ16. அதில் அந்த வசதிகள் கிடையாது. பெட்டியில் புதிய ஆண்டு போட்டிருக்கிறது என்பதற்காக விளம்பரத்தில் பார்த்ததெல்லாம் உள்ளே இருக்கும் என்று நம்பக் கூடாது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை இணையம் வழியாகப் பழைய டேப்பிலும் ஓடுகின்றன. கணக்கீடு அந்தந்த நிறுவனத்தின் சர்வரில் நடக்கிறது, உங்கள் டேப்பில் அல்ல.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. விகிதங்களை மாற்றியபோது பெரிய டிவிக்கும் ஏ.சி.க்கும் 28 சதவீதம் 18 ஆனது. டேப்லெட் ஏற்கெனவே 18-ல் இருந்ததால் அதில் மாற்றமில்லை. மறுபக்கம், ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து உலகச் சந்தையில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அடுத்த ஆண்டு விலை இறங்கும் என்று காத்திருக்கும் பழைய வழக்கம் இப்போது கைகொடுக்காது. தேவை உண்மையானது என்றால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. தேவை இல்லையென்றால், உள்ளதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதன் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் கேமராவின் மெகாபிக்ஸலைப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். ரேம் ஆறு ஜி.பி.க்கும், சேமிப்பிடம் 128 ஜி.பி.க்கும் குறையாமல் பாருங்கள். சேமிப்பு இஎம்எம்சியா, யூஎஃப்எஸ்ஸா என்று கேளுங்கள். யூஎஃப்எஸ் வேகமானது. படம் பார்க்கத்தான் டேப் என்றால் வைட்வைன் எல்1 என்ற படப் பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்பது முக்கியம். எல்3 மட்டும் உள்ள மலிவு டேப்பில் திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பழைய டிவிடி தரத்துக்கு மேல் காட்டாது. மாதச் சந்தா கட்டிவிட்டு மங்கலாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம் என்று தெரியாமலே பலர் திரையைக் குறை சொல்கிறார்கள்.

பழையது எங்கே போகும்?

புதியது வந்ததும் பழையது அலமாரியில் புடவைகளுக்கு அடியில் போய்விடும். உள்ளே பேட்டரி இருக்கும்வரை இது ஆபத்து. பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவது அதைவிட ஆபத்து. யாரோ ஒருவர் கையுறைகூட இல்லாமல் சுத்தியலால் உடைத்து, பலகையை அமிலத்தில் போட்டுச் செம்பும் தங்கமும் எடுக்கிறார். அந்தப் புகை அவர் நுரையீரலுக்குப் போகிறது.

பெங்களூர்வாசிகளுக்கு வேறு வழி உண்டு. தும்கூர் ரோட்டில் டாபஸ்பேட்டையில் பி. பார்த்தசாரதி தொடங்கிய ஈ-பரிசரா, நாட்டிலேயே முதலில் அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி ஆலைகளில் ஒன்று. 2005-லிருந்து இயங்குகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, விற்ற பொருள்களின் கழிவை முறையாக மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எக்ஸ்சேஞ்சில் சில நூறு ரூபாய்தான் கிடைக்கிறது என்றாலும் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ஃபேக்டரி ரீசெட். மெமரி கார்டை எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

ஒரு டேப் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. நாம் சார்ஜ் செய்வதால் ஆகும் மின்சாரம் அதில் சிறு பங்குதான். எனவே மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் புதிய மாடல் என்று சொல்லி மாற்றுவதில் பூமிக்கு எந்த லாபமும் இல்லை. இருப்பதை இரண்டு ஆண்டு கூடுதலாக ஓட்டுவதில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு ஆண்டை நம்மால் மட்டும் சம்பாதிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. ஃபோன், டேப் விற்பவர் அந்த மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பும், ஏழு ஆண்டு உதிரிபாகமும் தர வேண்டும். 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும். பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணைப் பெட்டியோடு ஒட்டும் லேபிளில் போட வேண்டும். கவனியுங்கள், அங்கே கணக்கு தொடங்குவது விற்பனை நின்ற நாளிலிருந்து. நம் நாட்டில் 'பழுது பார்க்கும் உரிமை' தளத்தை 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கியது. பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக 2024-ல் ஒரு குழு அமைத்தது, 2025-ல் அறிக்கையும் வந்தது. அந்த மதிப்பெண் நம் ஊர்ப் பெட்டிகளிலும் கட்டாயமாக அச்சாக வேண்டும். கூடவே, பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதம், எந்த ஆண்டோடு முடியும் என்ற தேதியும் வேண்டும். மாத்திரை அட்டையில்கூடக் காலாவதித் தேதி இல்லாமல் நாம் வாங்குவதில்லை. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கும் பொருளில் அது இல்லாமல் இருப்பதை ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

போட்டியால் சில கம்பெனிகள் தாங்களாகவே இறங்கி வந்திருக்கின்றன. 2024-ல் வந்த கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று சாம்சங் அறிவித்தது. இந்த வாக்குறுதி எல்லா விலை டேப்களுக்கும் பொருந்தாது, மாடலுக்கு மாடல் மாறும். அதனால் ஷோரூமில் விற்பனையாளர் திரையின் வண்ணத்தைக் காட்டத் தொடங்கும்போதே நிறுத்தி, "இந்த மாடல் எப்போது வந்தது? செக்யூரிட்டி அப்டேட் எந்த வருஷம் வரைக்கும்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தேதியைப் பார்த்த பிறகு பில் போடலாம்.